கறிக்கு அடங்குமா, பயறுக்கு அடங்குமா? – பசி பற்றிய கேள்வி–பதில்

கேள்வி: எடை குறைக்க வேண்டும். புரதம் சாப்பிட்டால் பசி அடங்கும் என்கிறார்கள். அது ஆட்டுக்கறிப் புரதமா, மொச்சைப் புரதமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– பலசரக்குக் கடைக்காரர், சின்னமனூர்

அளவு.

அதுதான் அந்த ஒரு வார்த்தை. புரதம் கொட்டிலில் இருந்து வந்ததா, கொடியில் இருந்து வந்ததா என்பதைவிட, எவ்வளவு வந்தது என்பதைத்தான் வயிறு முதலில் பார்க்கிறது. இதை நேருக்கு நேர் சோதித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்து ரோவெட் ஆய்வு நிலையத்தில், உடல் பருமன் உள்ள 20 ஆண்களுக்கு இரண்டு வாரம் இறைச்சிச் சாப்பாடு, இரண்டு வாரம் சோயாச் சாப்பாடு. இரண்டிலுமே மொத்தக் கலோரியில் 30 சதவீதம் புரதம். 2014-இல் முடிவு வெளியானது. பசியிலும் வயிறு நிறைந்த உணர்விலும் வித்தியாசமே இல்லை. எடை, சோயா வாரங்களில் சராசரியாக 2.41 கிலோவும் இறைச்சி வாரங்களில் 2.27 கிலோவும் குறைந்தது. உங்கள் தராசுக்கு அது இடைவெளி. புள்ளியியலின் தராசுக்கு அது சமம். இரண்டு வாரத்தில் இறங்கும் எடையில் தண்ணீரும் உண்டு என்பதால் அந்தக் கிலோக்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பசியைப் பற்றிக் கிடைத்த விடைதான் நமக்கு வேண்டியது.

கேள்வி: இரண்டும் சமம் என்றால் என் கணவர் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையை விடவே மாட்டார். பயறு பக்கம் நின்று பேச ஒன்றுமே இல்லையா?
– தமிழாசிரியை, கம்பம்

நிறையவே இருக்கிறது, டீச்சர். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் 43 இளைஞர்களை அழைத்து, ஒரு நாள் கன்றுக்கறியும் பன்றிக்கறியும் சேர்த்துத் தட்டிய வடையும், இன்னொரு நாள் அவரைப் பயறும் பட்டாணியும் சேர்த்துத் தட்டிய வடையும் கொடுத்தார்கள். பிறகு அடுத்த வேளைக்கு இஷ்டம்போல் சாப்பிடச் சொல்லி, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அளந்தார்கள். பயறு சாப்பிட்ட நாளில் 12 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். இது 2016-இல் வெளிவந்தது.

இந்த வெற்றியைப் புரதத்தின் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது. பயறு தனியாக வருவதில்லை. நாரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கறியில் நார் என்பதே கிடையாது. புரதமும் நாரும் ஒரே மணிக்குள் இருப்பதுதான் பயறின் பலம்.

அதனால் அவரைக் கடைக்குப் போக விடுங்கள். ஒரு கிலோவுக்குப் பதிலாக அரைக் கிலோ வாங்கி வரச் சொல்லுங்கள். மீதி இடத்தை ஊறவைத்த மொச்சை நிரப்பட்டும். குழம்பின் ருசி கறியிலிருந்து மொச்சைக்குள் இறங்கிவிடும். கரண்டி எதைத் தேடும் என்பது ஒரு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: மதியம் வயிறு முட்டச் சோறு சாப்பிடுகிறேன். நாலு மணிக்குள் மறுபடியும் பசி. இது பசியா, நோயா?
– நெல் விவசாயி, கூடலூர்

பசிதான். ஆனால் சோற்றுக்கான பசி இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் சுமார் 8 கிராம் புரதம் இருக்கிறது. நாள் முழுக்க இட்லி, சோறு, தோசை என்று 400 கிராம் அரிசி உள்ளே போனால் 31, 32 கிராம் புரதம் வந்துவிடும். அதற்காக நீங்கள் விழுங்கியது சுமார் 1,400 கலோரி. அதே அளவு புரதத்துக்கு 155 கிராம் காய்ந்த மொச்சை போதும். 500 கலோரிக்குள்தான் வரும். ஐந்து முட்டை என்றால் 360. தோல் உரித்த கோழிக்கறி 140 கிராம் என்றால் 170 பக்கம். உடம்புக்கு வேண்டியது புரதம் என்றால், அதைச் சோற்றுக்குள் தேடுவது ஒரு படி நெல்லுக்காக ஒரு களம் போரை மிதிப்பது மாதிரி.

உடம்பு அப்படித் தேடுகிறதா என்ன? தேடுகிறது என்பதுதான் சிம்சன், ராபன்ஹைமர் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் கருத்து. முதலில் வெட்டுக்கிளிகளை வைத்துப் பார்த்தார்கள். புரதம் குறைவான தீனி கொடுத்தால், தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை அது தின்றுகொண்டே போனது; மாவுச்சத்து தேவைக்கு மேல் சேர்ந்தாலும் நிறுத்தவில்லை. மனிதனுக்கும் இதே இழுப்பு இருக்கலாம் என்று 2005-இல் எழுதினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 19 பேருக்குச் சாப்பாட்டின் புரதப் பங்கை 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்தி, மாவுச்சத்தை அப்படியே வைத்து, வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். யாரும் தடுக்காமலே அவர்கள் நாளொன்றுக்கு 441 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். 12 வாரத்தில் சராசரியாக 4.9 கிலோ இறங்கியது.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. அந்தத் தண்ணீரில்தான் உங்கள் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரண்டு போகம் விளைகிறது. அது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற ஊர் இது. ஆனால் அந்தத் தண்ணீர் எட்டாத ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மொச்சையும் தட்டப்பயறும் கொள்ளும் விளைகின்றன. மாவட்டம் ஒன்றுதான். ஆனால் பள்ளத்து நெல் தட்டை நிறைக்கிறது, மேட்டுப் பயறு தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி வெஞ்சனமாக நிற்கிறது. அந்த விகிதத்தை மாற்றுங்கள் என்பதுதான் நான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப்போவது. சோற்றுக்கு வெஞ்சனம் என்பது போய், வெஞ்சனத்துக்குச் சோறு என்று ஆகட்டும்.

கேள்வி: கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டேன். 41 நாள் கறி, மீன், முட்டை எதுவும் தொடவில்லை. இறங்க வேண்டிய எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. ஐயப்பன் சோதிக்கிறாரா?
– ஜீப் ஓட்டுநர், குமுளி சாலை

சோதித்தது ஐயப்பன் இல்லை, அன்னதானப் பந்தி. நீங்கள் கறியை விட்டீர்கள். விட்ட இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரைப் பொங்கல், அப்பளம், வடை, இன்னொரு கரண்டி சோறு. கறியோடு போன புரதத்துக்குப் பதில் புரதம் வரவில்லை. அதனால் பசி அதிகமானது. பசியை மாவும் எண்ணெயும் நிரப்பின.

சைவம் என்பது எடை குறைக்கும் முறை இல்லை. கறி இல்லாத தட்டு தானாகப் பயறுத் தட்டு ஆகிவிடாது. அதை நாம்தான் ஆக்க வேண்டும். அடுத்த கார்த்திகையில் விரதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, காலையில் ஒரு கிண்ணம் முளைவிட்ட பாசிப்பயறு, மதியம் கொண்டைக்கடலைக் குழம்பு, இரவில் ஒரு டம்ளர் பால் அல்லது தயிர் என்று சேர்த்துப் பாருங்கள். சாமி சரணம்.

கேள்வி: கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். தினமும் கொள்ளு ரசம் வைத்துக் குடிக்கிறேன். கொழுப்பு கரையவில்லையே?
– நெசவாளர், ஆண்டிபட்டி

கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. எந்தத் தானியமும் கரைக்காது. அது செய்வது வேறு வேலை; வயிற்றை நிரப்பி அடுத்த வேளைச் சாப்பாட்டைக் குறைக்க வைக்கிறது. அந்த வேலையை முழுக் கொள்ளு செய்யும், ரசம் செய்யாது. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. வேகவைத்து நீரை இறுத்தால் புரதத்தில் பெரும்பங்கும் நாரும் பருப்பிலேயே நின்றுவிடுகின்றன; உங்கள் டம்ளருக்கு வருவது வாசனையும் காரமும். பழமொழி சொன்னவர் கொள்ளைச் சொன்னார், கொள்ளுத் தண்ணீரை இல்லை. ரசம் வைத்தபின் அந்தப் பருப்பை என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் துவையலாக அரைத்துச் சோற்றுக்கு முன்னால் சாப்பிடுங்கள்.

கேள்வி: டாக்டர் பன்னீர் சாப்பிடச் சொன்னார். நம் ஊரில்தான் பன்னீர் கொட்டிக் கிடக்கிறதே!
– திராட்சைத் தோட்டக்காரர், காமயகவுண்டன்பட்டி

கொட்டிக் கிடப்பது திராட்சை, டாக்டர் சொன்னது பால்கட்டி. பாலில் செய்த பனீரில் 100 கிராமுக்கு 18, 20 கிராம் புரதம் இருக்கும். நம் பன்னீர் திராட்சையில் ஒரு கிராம்கூடத் தேறாது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் என்பதில் எனக்கும் உங்களைப்போலப் பெருமை உண்டு. அதைத் தோலோடு மென்று, ஒரு சின்னக் கொத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழச்சாறாக்கிக் குடித்தால் பசி அசைந்துகூடக் கொடுக்காது.

கேள்வி: இருபது வருடம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வந்தேன். இப்போது முழங்கால் வலி, வீட்டில் இருக்கிறேன். அதே தூக்குவாளிச் சோறுதான் சாப்பிடுகிறேன், உடம்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சோற்றைக் குறைத்தால் மயக்கம் வருகிறது.
– வாசகி, தேவாரம்

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விடியுமுன் எழுந்து, உலை வைத்து, தூக்குவாளியை நிரப்பி, மலையேறி, நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்த உடம்பு அது. அந்தச் சோறு அந்த வேலைக்குச் சரியான சோறு. வேலை நின்றுவிட்டது, வாளி சிறிதாகவில்லை. தப்பு உங்கள் பக்கம் இல்லை.

சோற்றை மட்டும் குறைத்தால் சோர்வு வரத்தான் செய்யும், ஏனென்றால் அதோடு உங்களுக்கு வந்துகொண்டிருந்த புரதமும் குறைகிறது. அப்போது உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் எடுத்துச் செலவழிக்கும். முழங்கால் வலிக்காரருக்குத் தொடைத்தசைதான் ஊன்றுகோல், அதை இழக்கக் கூடாது. அதனால் எதையும் எடுக்குமுன் சேருங்கள். முதல் வாரம் சோறு அப்படியே இருக்கட்டும். காலையில் ஒரு முட்டை, மதியம் ஒரு கிண்ணம் தட்டப்பயறு அல்லது மொச்சை சேருங்கள். அதை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போங்கள். இரண்டாம் வாரத்தில் சோறு தானாகவே ஒரு கரண்டி மிச்சமாகும். மிச்சமானதை மட்டும் மறுநாள் உலையில் குறையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவரானால், சோற்றைக் குறைக்கும்போது அந்த அளவையும் டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் மயக்கம் சர்க்கரை இறங்குவதாலும் வந்திருக்கலாம். இந்த வாரமே ரத்தத்தைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் கல்யாண பிரியாணிக்குத் தாளிச்சா உண்டு. பருப்பும் எலும்புக்கறியும் ஒரே சட்டி. அது எந்தக் கட்சி?
– கல்லூரி மாணவர், உத்தமபாளையம்

சமாதானக் கட்சி. கறியா பயறா என்று உலகம் இப்போது ஆராய்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கத்தரிக்காயும் மாங்காயும் புளியும் போட்டு எப்போதோ முடித்துவைத்துவிட்டார்கள். கறி குறைவாக, பருப்பு நிறைய, காயும் உண்டு என்கிற இந்த அமைப்பைவிடப் பசிக்கு நல்ல குழம்பு எனக்குத் தெரியவில்லை. ஒரே மாற்றம் கேட்கிறேன். தாளிச்சா பிரியாணிமேல் ஊற்றுகிற திரவமாக இல்லாமல், தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். கிண்ணம் முதலில், பிரியாணி பின்னால்.

கேள்வி: வரிசை மாற்றிச் சாப்பிட்டால் எல்லாம் மாறிவிடுமா? வயிற்றில் போய்க் கலக்கத்தானே போகிறது?
– ஓய்வு பெற்ற தபால்காரர், பெரியகுளம்

கலக்கும். ஆனால் முதலில் போனது வாசலைப் பிடித்துக்கொள்கிறது. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். காயும் கோழியும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் கடைசியில் என்று சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. 11 பேர் என்பது சிறிய கூட்டம்தான். ஆனால் செலவில்லாத, பக்கவிளைவில்லாத மாற்றம் இது. முயன்று பார்க்கத் தகுந்தது என்பேன்.

கேள்வி: நாலு மணிக்கு டீயும் பருப்பு வடையும். பருப்புதானே, புரதக் கணக்கில் சேர்க்கலாமா?
– பேருந்து நிலையக் கடை ஊழியர், தேனி

சேர்க்கலாம். எண்ணெயையும் சேர்த்து எழுதுவதாக இருந்தால். அதே கடலைப்பருப்பை ஊறவைத்து, வேகவைத்து, கடுகும் தேங்காய்ப்பூவும் தாளித்தால் சுண்டல். பிள்ளையார் அதைத்தான் வாங்கிக்கொள்கிறார். நாலு மணி என்பது எடை குறைப்பவர் பலரும் சறுக்குகிற நேரம், அதனால் அந்த நேரத்துக்கு முன்கூட்டியே ஒரு டப்பா சுண்டல் கையில் இருக்கட்டும். டீயை விட வேண்டாம்.

கேள்வி: ரேஷனில் துவரம்பருப்பு வாங்குகிறோம், தினமும் சாம்பார் வைக்கிறோம். இதற்கு மேல் என்ன பருப்பு?
– இல்லத்தரசி, அல்லிநகரம்

அம்மா, அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைப்பது பெரிய உதவி. அதை 4 பேருக்கு 30 நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு. புரதமாக 2 கிராம்கூட இல்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டித் தட்டில், நாளொன்றுக்குப் பயறு பருப்பும் இறைச்சி வகையும் சேர்த்து 85 கிராம் என்று வைத்திருக்கிறது. 8 எங்கே, 85 எங்கே! அதே நிறுவனம் சொல்லும் புரத அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோ எடையுள்ளவருக்கு 54 கிராம். எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே வைத்துக்கொள்வது நல்லது.

(இந்த நிறுவனம் பிறந்ததே நம் தமிழ்நாட்டில்தான். 1918-இல் குன்னூரில் ஒரு சிறிய அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய ராபர்ட் மெக்கரிசனின் வேலை அது. 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது.)

சாம்பார் பருப்பை மட்டும் நம்ப வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் முழுப்பயறு ஒன்றைக் குழம்புக்குப் போடுங்கள். தோல் உள்ள பாசிப்பயறில் 100 கிராமுக்கு 17 கிராம் நார் இருக்கிறது. தோல் நீக்கிய பாசிப்பருப்பில் 9 கிராம் பக்கம்தான். பசிக்குத் தோல் முக்கியம். தை மாதம் பச்சை மொச்சை வண்டி வண்டியாக இறங்கும்போது விலையும் கைக்குள் இருக்கும்.

கேள்வி: பயறு சாப்பிட்டால் வாயு. கறி சாப்பிட்டால் நிம்மதி. நான் என்ன செய்ய?
– லாரி ஓட்டுநர், வீரபாண்டி

நிஜமான தொல்லை அது. லாரிக் கேபினுக்குள் இன்னும் தொல்லை. பயறில் உள்ள சில சர்க்கரைகளை நம் சிறுகுடல் உடைக்காது. பெருங்குடலில் உள்ள கிருமிகள் உடைத்து வாயு ஆக்குகின்றன. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நசுங்கும்வரை வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் குறையும். பூண்டும் பெருங்காயமும் போட்டு நம் வீடுகளில் சமைப்பது வழக்கமாகவே இருக்கிறது. இரண்டு ஸ்பூனில் தொடங்கி மூன்று வாரத்தில் ஒரு கிண்ணத்துக்கு வாருங்கள். கிருமிகளும் பழகும். ஓட்டம் போகிற நாளில் முட்டை சாப்பிடுங்கள், வீட்டில் இருக்கிற நாளில் பயறு.

கேள்வி: அரிசியை விட்டுக் கம்பு, கேழ்வரகுக் களிக்கு மாறிவிட்டேன். இனிப் புரதம் பற்றிக் கவலை இல்லைதானே?
– வங்கி ஊழியர், போடிநாயக்கனூர்

கவலை கொஞ்சம் இருக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வந்தது. இந்தியர் சாப்பாட்டில் 62 சதவீதம் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது, 12 சதவீதம்தான் புரதத்திலிருந்து. மாவில் 5 சதவீதத்தைப் பயறு அல்லது பால் புரதத்துக்கு மாற்றியவர் தட்டில் சர்க்கரை நோயின் அபாயம் குறைவாக இருந்தது. ஆனால் மொத்த மாவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மட்டும் மாற்றியதில் அந்தப் பலன் தெரியவில்லை.

களி அருமையான சாப்பாடு. ஆனால் அரிசிச் சோற்று மலை போய்க் கேழ்வரகு மலை வந்தால் மலை மலைதான். உருண்டையைப் பாதியாக்குங்கள், கருவாடும் மொச்சையும் போட்ட குழம்பை இரட்டிப்பாக்குங்கள். அந்தக் காலத்தில் களியோடு வந்த துணையே அதுதான்.

கேள்வி: வைகை அணை மீனா, பிராய்லர் கோழியா, முட்டையா? எது அதிக நேரம் தாங்கும்?
– அரசு ஊழியர், ஜெயமங்கலம்

சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் என்பவர் 1995-இல் ஒரு பட்டியல் போட்டார். எல்லா உணவையும் 240 கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் வயிறு நிறைந்திருப்பதை அளந்து, வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டார். மீன் 225, மாட்டிறைச்சி 176, முட்டை 150. மீன் நன்றாகத் தாங்கியது. ஆனால் முதலிடம் எதற்குத் தெரியுமா? அவித்த உருளைக்கிழங்குக்கு, 323. பருப்பு வகைக்கு 133, வெள்ளைச் சோற்றுக்கு 138. என் வாதத்துக்கு எதிராக இருக்கிறது என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். அந்தச் சோதனை இரண்டு மணி நேரத்தோடு முடிந்துவிட்டது. அதற்குள் தண்ணீரும் பருமனும் உள்ள உணவு ஜெயிக்கும். புரதமும் நாரும் தங்கள் வேலையைக் காட்டுவது அடுத்த வேளைத் தட்டிலும் அடுத்த மாதத் தராசிலும். கனடா ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் 21 சோதனைகளைத் தொகுத்து 940 பேரைப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு 130 கிராம் அளவில் வெந்த பயறு சேர்த்தவர்களுக்கு, ஆறு வாரத்தில் 0.34 கிலோ குறைந்தது. சிறிய எண்தான். ஆனால் கலோரியைக் குறைக்கச் சொல்லாத சோதனைகளிலும் எடை குறைந்தது.

உங்கள் கேள்விக்கு: மீனுக்கே என் ஓட்டு. அணைக்கட்டில் பொரித்து விற்கிற மீன் இல்லை, குழம்பு மீன்.

கேள்வி: நாட்டுக்கோழியில்தான் சத்து என்கிறார் அப்பா. ஜிம் மாஸ்டர் பவுடர் வாங்கச் சொல்கிறார். யார் சரி?
– இளைஞர், தேனி

புரத அளவில் நாட்டுக்கோழியும் பிராய்லரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாட்டுக்கோழியை மென்று தீர்க்க நேரமாகும் என்பது பசிக்கு நல்லது, அதனால் அப்பா பக்கம் அரை மதிப்பெண் கூடுதல். பவுடர் கெட்டதில்லை, அது பாலின் புரதம்தான். ஆனால் குடித்து முடிக்க அரை நிமிடம். பல்லுக்கு வேலை இல்லாத சாப்பாட்டை வயிறு சீக்கிரம் மறந்துவிடும். காசு கணக்குப் பார்த்தால் மீல்மேக்கர் வாங்குங்கள். 30 கிராம் காய்ந்த உருண்டையில் 15 கிராம் புரதம். அபர்தீனில் இறைச்சியோடு சமமாக நின்றதும் சோயாதான்.

கேள்வி: இப்போது பசியை அடக்க ஊசியே வந்துவிட்டதாமே? இனி மொச்சை எதற்கு?
– மருந்துக்கடைக்காரர், உத்தமபாளையம்

உங்களுக்குத் தெரியாததா! புரதம் குடலைத் தொட்டதும் ஜி.எல்.பி.–1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. மூளைக்குப் போதும் என்ற செய்தி போகிறது. நம் உடம்பில் சுரப்பது இரண்டு நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். செமாகுளூடைடு ஊசி அதே செய்தியை ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 2025-இல் எடை குறைப்புக்கென்றே அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பலருக்கு உண்மையாகவே உதவுகிற மருந்து அது. டாக்டர் சொல்லாமல் யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மொச்சை எதற்கு என்றால், ஊசி போட்டவர் பாதித் தட்டுதான் சாப்பிடுவார். அந்தப் பாதியும் இட்லியாகவே இருந்தால் எடையோடு தசையும் கரையும். சாப்பாடு சிறுத்தவருக்குத்தான் ஒவ்வொரு வாயிலும் புரதம் அதிகம் வேண்டும்.

கேள்வி: எனக்குக் கிரியாட்டினின் கூடுதல். இதையெல்லாம் பின்பற்றலாமா?
– வாசகர், கடமலைக்குண்டு

வேண்டாம், ஐயா. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் புரத அளவைச் சிறுநீரக மருத்துவர்தான் வைக்க வேண்டும். கறியோ பயறோ, கூட்டக் கூடாது. இந்தப் பக்கம் உங்களுக்கானது இல்லை. உங்கள் டாக்டரின் சீட்டுத்தான் உங்களுக்கு.

கேள்வி: நான் கறி, மீன் ஆள். என் வீட்டுக்காரி முட்டைகூடத் தொடமாட்டாள். யார் முதலில் ஐந்து கிலோ குறைப்பது என்று பந்தயம் போட்டிருக்கிறோம். நீங்கள் யார் பக்கம்?
– புகைப்படக்காரர், போடிநாயக்கனூர்

தங்கச்சி பக்கம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பயறுப் புரதம் கறிப் புரதம் அளவுக்கு முழுதாகச் செரிப்பதில்லை. அதனால் உங்கள் தட்டில் 100 கிராம் மீன் இருந்தால் அவர் தட்டில் ஒரு பெரிய கிண்ணம் பயறும் ஒரு கிண்ணம் தயிரும் இருக்க வேண்டும். இருந்தால் பந்தயம் சமம், நார்ச்சத்து அவர் பக்கம். ஆனால் நம் ஊர்ச் சைவத் தட்டில் பயறு ஒரு கரண்டிதான் விழுகிறது. அந்த ஒரு கரண்டியோடு களத்தில் இறங்கினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள்.

உங்கள் பலவீனம் எனக்குத் தெரியும். கல்யாண வீட்டு வேலை முடிந்து இரவு பதினோரு மணிக்குப் பரோட்டாக் கடை முன்னால் வண்டி நிற்கும். கிளம்பும்போதே இரண்டு அவித்த முட்டை கேமராப் பையில் இருக்கட்டும். எடையை வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில், ஒரே தராசில் பாருங்கள். இடுப்பை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து, தை பிறந்ததும், இரண்டு பேர் அளவையும் எனக்கு அனுப்புங்கள். தோற்றவர் ஜெயித்தவருக்குப் பச்சை மொச்சை உரித்துக் கொடுக்க வேண்டும்.